தோட்டத்துடன் கூடிய வரிசை வீடு

இந்த நாட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் ஏதாவது கெட்டது நடக்கும் என்று நம்புகிறார்கள். மற்ற எல்லாவற்றையும் அளந்து, அச்சடித்து, கையெழுத்து வாங்கி வைக்கிற ஜெர்மன்காரர்கள் இதில் மட்டும் நம் ஊர்க்காரர்களைப் போலவே இருக்கிறார்கள். நான் வேலை செய்யும் மருத்துவமனையில் என்னோடு ஒரே ஷிஃப்டில் வருகிற உட்டெ என்ற நர்ஸிடம், பாலக்காட்டில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தையைக் காட்டியிருக்கிறார்கள், நாங்களும் சரி சொல்லிவிட்டோம் என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொள்ள வந்து, பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். "குழந்தை வீட்டுக்கு வரட்டும், அப்புறம் வாழ்த்துகிறேன்" என்றாள். தத்துப்பிள்ளை என்பதால் வாழ்த்த மனமில்லையோ என்று நினைத்து இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொருத்தி விளக்கிச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. அது நடந்து ஏழு மாதமாகிறது, உட்டெ இன்னும் வாழ்த்தவில்லை.

குழந்தையின் பெயர் தேவி. நான்கு வயது. பாலக்காட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் பாக்கியிருந்தது கலெக்டரின் உத்தரவு ஒன்றுதான். அது வரும்வரை புதன்கிழமைதோறும் வீடியோவில் பார்க்கலாம் என்றார்கள். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும், இங்கே காலை. தேவியைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு ஊர் எருத்தேன்பதி, பாலக்காட்டு எல்லையில் தமிழ் பேசுகிற கிராமம். அதனால் சுற்றிலும் மலையாளம் கேட்டாலும் இவள் வாயில் வருவது கொங்குத் தமிழ். முதல் அழைப்பிலேயே என்னைப் பார்த்து, "ஏனுங்க, சாப்டீங்களா?" என்று கேட்டாள். என் ஊர் குமுளிப் பக்கம் வண்டிப்பெரியார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த மரியாதையெல்லாம் வராது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு பிள்ளை வந்ததே என்று, கேமராவை அணைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன்.

இங்கே பிள்ளை பெறுவதற்கு யாரும் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். தத்தெடுப்பதற்கு வாழ்க்கை முழுவதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். லேபன்ஸ்பெரிஷ்ட் என்பார்கள், வாழ்க்கை அறிக்கை. அப்பா அடித்தாரா, அம்மா கொஞ்சினாளா என்பது வரைக்கும் அதில் வர வேண்டும். அதை வைத்துக்கொண்டு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பார். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி வந்தவர், எங்கள் சோபாவில் உட்கார்ந்து, நீங்கள் எந்த மாதிரி வீட்டில் வளர்ந்தீர்கள் என்று கேட்டார். நான் லயத்தில் வளர்ந்தவள். தேயிலை எஸ்டேட் தொழிலாளிகளுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். வெள்ளைக்காரன் லைன் என்றான், எங்கள் ஆட்கள் அதை லயன் என்றும் லயம் என்றும் ஆக்கிக்கொண்டார்கள். ஜெர்மனில் அதற்கு என்ன சொல் என்று யோசித்து, வரிசைக்கு ரையெ, வீட்டுக்கு ஹவுஸ் என்று நானே சேர்த்து, "ரையன்ஹவுஸ்" என்றேன். காதுக்கும் லயன் வீடு மாதிரியே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை என் மனதில் கள்ளமில்லை.

அம்மையாரின் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் ரையன்ஹவுஸில்தான் வளர்ந்தேன்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே அந்தச் சொல்லுக்கு, பள்ளிக்கூட வாத்தியாரும் வங்கிக் குமாஸ்தாவும் குடியிருக்கிற, ஒட்டி ஒட்டிக் கட்டிய மாடி வீடு என்று அர்த்தம். முன்னால் ரோஜாச் செடி, பின்னால் புல்தரை, புல்தரையில் ஊஞ்சல். அது இல்லைங்க, இது வேற என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "தோட்டம் இருந்ததா?" எங்கள் ஊரில் தேயிலை எஸ்டேட்டுக்கே தோட்டம் என்றுதான் பெயர். "இருந்தது, பெரிய தோட்டம்" என்றேன். "யார் பார்த்துக்கொண்டார்கள்?" "அம்மா" என்றேன். சொன்னதெல்லாம் நிஜம்தான், ஆனால் சேர்த்துப் பார்த்தால் சுத்தப் பொய். அறிக்கையில் அது இப்படி வந்தது: "விண்ணப்பதாரர் தோட்டத்துடன் கூடிய வரிசை வீட்டில் வளர்ந்தவர். அவருடைய தாயார் தோட்டக்கலையில் ஈடுபாடு உள்ளவர்." என் கணவர் ஜோசப் நாகர்கோவில்காரர், லயத்துக்கு வந்து என்னைப் பெண் பார்த்தவர். அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "திருத்திக் குடுத்துரு ஜெசி" என்றார். சரி என்றேன். திருத்திக் கொடுக்கவில்லை.

எங்கள் லயத்தில் பத்துக் கதவு. கதவுக்கு ஓர் அறை, அதற்குப் பின்னால் புகை அடைந்த அடுப்படி. எல்லாருக்கும் சேர்த்து முற்றத்தில் ஒரே குழாய். ஆடி மழையில் தகரக் கூரைக்குக் கீழே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. கத்தித்தான் ஜெபம் சொல்வோம். அம்மா காலையில் இடுப்பில் பிளாஸ்டிக் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக வாசலில் நின்று காலிலிருக்கும் அட்டைகளை உப்புத் துணியால் தட்டிவிடுவாள். அப்படி முப்பத்திரண்டு வருடம். இதையெல்லாம் ஜெர்மனியில்தான் முதன்முதலாக மறைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும்போதே, ஊர் எது என்று கேட்டவர்களிடம், "எங்களுக்கு எஸ்டேட்ல வீடு" என்பேன். விடுதிப் பெண்கள் என்னை முதலாளி வீட்டுப் பெண் என்றே முடிவு கட்டி, நான்கு வருடமும் "எஸ்டேட்" என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்கு இதில் நல்ல பழக்கம் இருந்தது என்பதுதான் உண்மை.

அம்மா இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு குமுளியில் ஒரு வீடு பார்க்கிறோம் என்றோம். "கோயிலும் ஆளுகளும் இங்கன கெடக்க, நான் மட்டும் அங்க போயி யார் மொகத்தப் பாக்க?" என்று மறுத்துவிட்டாள். தேவியைப் பற்றிச் சொன்ன அன்றே கேட்டாள். "பாலக்காடு தானட்டி? கோட்டயம் போயி ரயிலேறினா போச்சு. ஒரு எட்டு புள்ளையப் பாத்துட்டு வந்திருதேன்."

"சட்டம் விடாதும்மா" என்றேன்.

"தூரத்துல நின்னாச்சும்?"

"கூடாதும்மா. கேஸாயிரும்."

அப்படி ஒரு சட்டம் இருப்பதாக எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவே இல்லை. அம்மா அங்கே போனால் வாயைத் திறப்பாள், திறந்தால் லயம் வெளியே வரும் என்பதுதான் என் கவலை. கோப்பு நின்றுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் கொஞ்சம்தான். வெட்கம்தான் பெரிது. பெற்ற தாயைப் பேத்தியின் வாசலுக்குப் போகாமல் தடுத்த வெட்கங்கெட்ட வெட்கம்.

போன மாதம் ஒரு புதன்கிழமை அழைப்பு வந்ததும் எடுத்தேன். திரையில் தேவி, அவள் பக்கத்தில் அம்மா. முதலில் என் கண் போனது அம்மாவின் சேலைக்குத்தான். கிறிஸ்துமஸுக்கு எடுத்த ஊதாச் சேலையைத்தான் கட்டியிருந்தாள், நல்லவேளை என்று நினைத்தேன். நினைத்ததை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். அம்மா ஊர்ப் பங்குச் சாமியாரைக் கொண்டு காப்பகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கிறாள். அவர்கள் ஒரே வாரத்தில் முறைப்படி அனுமதி வாங்கி, இன்ன நாளில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் சொன்னால் பயப்படுவேன் என்று சொல்லவில்லையாம். தேவி அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, "அமுச்சி, அமுச்சி" என்று தாடையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆயா ஊரில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

காப்பகத்துப் பொறுப்பாளரான சிஸ்டர் மலையாளி, எங்களோடு தமிழில்தான் பேசுவார். "மோளே, ஒரு சம்சயம்" என்று ஆரம்பித்தார். "ரிப்போர்ட்ல பார்த்தேன், தோட்டம் வச்ச வரிசை வீடு, அம்மாவுக்கு கார்டன்னா ரொம்ப இஷ்டம்னு. வீட்டுத் தோட்டத்துல என்ன எல்லாம் உண்டுன்னு கேட்டேன். அம்மாவுக்கு ஒண்ணும் மனசிலாயில்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு விநாடி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், எல்லாவற்றையும் அதற்குள் புரிந்துகொண்டாள். சிஸ்டர் பக்கம் திரும்பி, "எம் மக எழுதுனது சரிதான் சிஸ்டர். எனக்குத்தான் சட்டுனு வெளங்கல. லயம்னா வரிசை வீடுதான? தோட்டம்னா தோட்டந்தான? முப்பத்திரண்டு வருசம் கொழுந்தெடுத்தேன், பிடிக்காமயா எடுத்திருப்பேன்?" என்று சிரித்தாள். சிஸ்டரும் சிரித்துவிட்டு, சரி, பாஷை மாறும்போது இப்படியெல்லாம் வரும்தான், விடு என்றார்.

நான் விட்டிருக்கலாம். கோப்பு கலெக்டர் மேசையில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் திருத்து என்ற ஜோசப்பே, "இப்ப எதுக்குப் போயி கிண்டுத? கையெழுத்தாகட்டும்" என்றார். ஆனால் எனக்காக அம்மா பொய் சொல்லிவிட்டாளே என்பதுதான் என்னை அறுத்தது. நான் பொய் சொன்னது அவளை மறைக்க. அவள் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. அந்த வாரம் முழுவதும் வார்டில் யாருக்கு எந்த மாத்திரை என்று மூன்று முறை சரிபார்த்துக் கொடுத்தேன், என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்த வார வெள்ளிக்கிழமை அந்த அம்மையாரின் அலுவலகத்துக்குப் போனேன். அறிக்கையில் தவறு இருக்கிறது, நான் வளர்ந்தது ரையன்ஹவுஸ் இல்லை, எஸ்டேட் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கொடுத்த வீடு என்றேன். "ஓ, பெட்ரீப்ஸ்வோனுங்" என்று எழுதப் போனார். அது இங்கே நல்ல கம்பெனி தன் ஊழியர்களுக்குக் கொடுக்கிற சௌகரியமான ஃபிளாட். நான் எந்தச் சொல்லைச் சொன்னாலும் இந்த மொழி அதற்கு வெள்ளையடித்து ஜன்னலில் பூந்தொட்டி வைத்துவிடுகிறது. கடைசியில் ஒரு தாளை வாங்கிப் படமாகவே போட்டேன். பத்துக் கதவு, ஒரு குழாய், ஒரு கதவுக்குள் நான்கு பேர். அம்மா தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை, தோட்டத்தில் கூலி வேலை செய்தாள் என்றேன். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டார். "அங்கிருந்து வந்தவளுக்குக் குழந்தை கொடுக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார். வீடு பிரச்சினை இல்லை, தகவல் மாறியதுதான் பிரச்சினை, திருத்திய அறிக்கை இந்தியாவுக்குப் போய் அவர்கள் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்றார். எத்தனை நாளாகும் என்பதற்குத் தோளைக் குலுக்கினார்.

கோப்பு மேசையிலிருந்து இறங்கிவிட்டது. அடுத்த மாதம் தேவிக்கு ஐந்து முடிகிறது, கேக்கை அங்கேதான் வெட்டப்போகிறாள். என் பொய்யினால் ஒரு பிள்ளை இன்னும் சில மாதம் காப்பகத்தில் தூங்குகிறது. என்னைப் போல வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஊரைக் கொஞ்சம் தேய்த்து மினுக்கிச் சொல்லிப் பழகியவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. அந்த யோக்கியதை எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

திருத்திய அறிக்கையோடு சேர்க்க, அம்மாவின் வீட்டை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் ஃபோனில் எடுக்கச் சொல்லி அம்மா அனுப்பிவைத்தாள். சிஸ்டர் அதில் ஒரு பிரதியை எடுத்து தேவியின் ஆல்பத்திலும் ஒட்டிவிட்டார். அந்த ஆல்பம் நாங்கள் அனுப்பியது. இனி வரப்போகும் வீட்டைக் குழந்தை பழகிக்கொள்ள வேண்டும் என்று எங்கள் ஃபிளாட், அவளுக்கென்று வாங்கிய வெள்ளைக் கட்டில், தெருமுனைப் பூங்கா, பனி என்று ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஒட்டியிருந்தோம்.

நேற்று அழைத்தபோது ஆல்பம் தேவியின் மடியில் திறந்திருந்தது. "இந்த ஒரு பக்கத்தத்தானுங்க எந்நேரமும் பாத்துட்டு இருக்குது. மத்த பக்கத்தத் திருப்பவே உட மாட்டேங்குது" என்றார் ஆயா. எந்தப் பக்கம் என்று கேட்டேன். தேவி ஆல்பத்தைத் தூக்கித் திரைக்கு நேராகக் காட்டினாள். லயம். நீளமாக, பாசி பிடித்து, பத்துக் கதவும் தெரிய.

"இதுதான நம்ம ஊடு?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "உங்க கதவு எதுங்க?" என்று கேட்டாள்.

"ஆறாவது கண்ணு" என்றேன். இதுவரை யாரிடமும் நான் அந்த எண்ணைச் சொன்னதில்லை.

விரல் வைத்து எண்ணினாள். ஒன்றிரண்டு இடத்தில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து எண்ணி, ஆறாவதில் நிறுத்தினாள். அந்த வாசலில்தான் அம்மா ஊதாச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு பாதி திறந்து, உள்ளே ஒரே இருட்டு. தேவி அந்த இருட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அமுச்சி வெளிய நிக்கறாங்க. நீங்க உள்ளயா இருக்கறீங்க?"

எனக்குப் பின்னால் அவளுடைய வெள்ளைக் கட்டில் இருந்தது. அதைக் காட்டி, இல்லை, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமா கண்ணு" என்றேன்.

அவள் அந்தக் கதவின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"வெளிய வாங்க" என்றாள்.