கொழுந்து லாரிக்காரருக்கு ஒரு கம்ப்யூட்டர்

மூக்கருகே ஒரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை. பழைய கிராபிக்ஸ் கார்டு எது கைக்கு வந்தாலும் பேச்சி முதலில் மோந்துதான் பார்க்கிறார். "இதை மாசக்கணக்கா அணைக்காம ஓட்டியிருக்கறாங்க. உள்ள வெந்து போச்சுங்க. வேண்டாம், எடுத்துட்டுப் போயிருங்க" என்று கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார். மூக்குக்குத் தேறியதைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஓரங்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று தேடுகிறார். மலைமேலிருக்கும் மஞ்சூரில் மேகம் வாசலோடு நிற்பதில்லை. கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போகும். போகும்போது செம்பு, பித்தளை எதையும் சும்மா விடாது.

கடைவீதியில் அவரைத் தேடி வருகிறவர்கள் பலகையைப் பார்த்துக் குழம்புவார்கள். 'மகாலட்சுமி தையலகம்' என்றுதான் எழுதியிருக்கும். முன்பு அங்கே தைத்துக்கொண்டிருந்த அம்மாள் கோயம்புத்தூருக்குப் போகும்போது விட்டுப்போன பலகை. "நல்ல பேருதானுங்களே, எதுக்குக் கழட்டோணும்?" என்பார் பேச்சி. இன்னமும் யாராவது ரவிக்கைத் துணியோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு மேல்தெருவுக்கு வழி சொல்லிவிட்டு, மறுபடி மதர்போர்டுமேல் குனிந்துகொள்வார்.

பேச்சில் ஒரு விசித்திரம் உண்டு. கோவை மொத்த வியாபாரிகளை ஃபோனில் "ஏப்பா" என்றுதான் அழைப்பார். மரியாதையெல்லாம் மெஷின்களுக்கு. உயிர் வராமல் அடம்பிடிக்கும் பெட்டியின் முன் குனிந்து, "ஏனுங்க, கொஞ்சம் எந்திரிங்க. எல்லாரும் காத்துட்டு இருக்கறாங்க" என்பார். விசிறி சுற்ற ஆரம்பித்தால், "ரொம்ப சந்தோசமுங்க."

ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் டைப் அடிக்கச் சேர்ந்தவர் அவர். அங்கே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் கீழேயிருந்து ஆள் ஏறி வர வேண்டும். மழையில் ரோடு சரிந்தால் அந்த ஆளும் வரமாட்டார். அப்படி ஒரு மழைக்காலத்தில் பேச்சியே திருகாணிகளைக் கழற்றினார். மேனேஜர் கத்திக்கொண்டிருக்கும்போதே மெஷின் எழுந்துகொண்டது. "அன்னிக்குப் புரிஞ்சதுங்க, உள்ள பேயும் இல்லை, பூதமும் இல்லை. எல்லாம் சொருவி வெச்சதுதான்" என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்த பிறகு அவர் கடையில் சிரிப்புக்குக் கொஞ்சம் பஞ்சம். பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று விவசாயிகள் கைவிட்ட தோட்டங்களில் செடிகள் மரமாகிக்கொண்டிருக்கின்றன. ஃபேக்டரிகள் வாரத்தில் பாதி நாள்தான் புகைகின்றன. புதுக் கம்ப்யூட்டர் வேண்டுமென்று படியேறுகிற ஆளே அபூர்வம். அந்த நேரத்தில்தான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் விமல், லீவில் வந்தவர், மொபைலை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். படத்தில் நாலாபக்கமும் கண்ணாடி போட்ட பெட்டி, உள்ளே வானவில்லாக எரியும் விசிறிகள்.

"இதே மாதிரி ஒண்ணு செட் பண்ணிக் குடுங்கக்கா. கேம் ஆடறதுக்கு."

"யாரு ஆடப்போறாங்க?"

"எங்க அண்ணன். காத்தமுத்து. கொழுந்து லாரி ஓட்டினாருல்ல, அவரு."

பேச்சிக்கு ஆளைத் தெரியும். அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் கொழுந்தெல்லாம் பல வருடம் காத்தமுத்துவின் லாரியில்தான் ஃபேக்டரிக்குப் போயிற்று. ஒரு மழைநாளில் லோடின் மேல் ஏறித் தார்ப்பாய் இழுக்கும்போது வழுக்கி, தோள் அடிபட விழுந்தார். நரம்பு அறுந்துவிட்டது. வலது கை உடம்போடு இருக்கிறது, அவ்வளவுதான். எஸ்டேட் அவருக்குக் காவல் வேலை கொடுத்தது. காட்டெருமையை விரட்டுவது, ஷெட்டுக்குப் பூட்டுப் போடுவது. இந்த லீவில் விமல் பார்த்தபோது, அண்ணன் மொபைலைத் தொடையில் சாய்த்துவைத்து, இடது கட்டைவிரலால் ஒரு பொம்மை லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஹார்ன் சத்தத்தை வாயாலேயே கொடுத்தார். விழுந்ததிலிருந்து அவர் அப்படிச் சத்தமாக இருந்து விமல் பார்த்ததில்லை.

"ஊட்டுல எங்க வெப்பீங்க?" என்று கேட்டார் பேச்சி. விமல் விழித்தார். "அப்ப நான் வந்து பார்த்துட்டுச் சொல்றனுங்க."

வீட்டைப் பார்க்காமல் பேச்சி ஒரு பாகம்கூடப் பொறுக்குவதில்லை. மறுநாள் பஸ் ஏறி, எஸ்டேட் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லைனில் கடைசி வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. மூலையில் ஒழுக்குக்கு அலுமினியக் குண்டான் வைத்திருந்தது. காத்தமுத்து வெட்கப்பட்டவர்போல் வாசலிலேயே நின்றார். அவர் மனைவி சின்னம்மை வாயைத் திறந்தார்.

"கூரை ஒழுகுது. பறிக்கப் போனா பாதி நாளு வேலை இல்லேன்னு திருப்பி அனுப்பறாங்க. இதுல ஒரு ஆம்பளைக்கு வெளையாட்டு மிஷினு! லைன்ல எல்லாரும் சிரிக்கறாங்க. நீங்களாச்சும் இந்தப் பையனுக்குப் புத்தி சொல்லுங்க."

விற்க வந்தவர் என்ன சொல்வார் என்று விமல் நெளிந்தார். பேச்சி உள்ளங்கையை ஒழுக்கின் கீழே நீட்டி, விழுந்த சொட்டைப் பார்த்தார்.

"அக்கா சொல்றது சரிதானுங்க. இங்க வெச்சா ஒரு மழைக்குத் தாங்காது. மொதல்ல வாங்க வேண்டிய பார்ட்டு தகரம். கூரை மாத்துங்க. மாத்தினப்புறம் மத்ததைப் பேசலாம்."

விமல் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்தார். கூரை மாறும்வரை பேச்சி ஒரு ஆர்டரும் போடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு எடுத்துவைத்த பணத்தில் தகரம் வந்தது. வானவில் விசிறிகளும் போயின. "ஒத்தை ரூம்புங்க. அக்கா தூங்கோணுமில்ல? கோயில் திருவிழா மாதிரி எரிஞ்சா எப்படி?" விமல் ஆசைப்பட்ட பெரிய கிராபிக்ஸ் கார்டுக்குப் பதிலாக, மோந்து, சாய்த்துப் பார்த்து, தேறிய நடுத்தரக் கார்டு ஒன்று. லோ வோல்டேஜுக்குப் பணியாத பவர் சப்ளை. சத்தம் போடாத விசிறி. மிச்சப்பட்டதையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டினார்: ஸ்டீயரிங்.

"படம் கொஞ்சம் மங்கலா தெரிஞ்சா பரவால்லைங்க. இங்க எந்த ரோடு பளிச்சுனு தெரியுது? ஆனா ஸ்டீயரிங் கையோட பேசோணும். குழியில எறங்குனா கைக்குத் தெரியோணும். லாரி ஓட்டினவரு, அவரை ஏமாத்த முடியாது."

அப்படிப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியும் முதல் தடவை பேச்சி கோட்டைவிட்டார்.

ஒற்றைக் கைக்காரருக்கு எது சுலபம் என்று அவர் தானாகவே முடிவு செய்திருந்தார். கியர் தானாக விழும் ஏற்பாடு. இரண்டே பெடல். எல்லாம் மாட்டி முடிந்ததும் காத்தமுத்து உட்கார்ந்தார். லைனே வாசலில் கூடி நின்றது. திரையில் லாரி கிளம்பி, ஒரு மேடு ஏறி, தானாக முனகி, தானாக கியர் மாற்றிக்கொண்டது. காத்தமுத்துவின் இடது கை ஸ்டீயரிங்கை விட்டுக் கீழே போய், காற்றில் எதையோ தேடிவிட்டுத் திரும்பி வந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஓரங்கட்டி நிறுத்தினார்.

"நல்லாத்தான் இருக்குது. பிள்ளைங்க ஆடட்டும்."

"என்னங்க கொறை?" என்றார் பேச்சி.

"கியர் எங்க? கிளச் எங்க? லொறின்னா நாம சொன்னாத்தான் கேக்கணும்." இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த பெற்றோரின் நாக்கு அவருக்கு. லாரி எப்போதும் 'லொறி'தான்.

"ஒரு கை வெச்சுட்டு ஸ்டீயரிங்கும் கியரும் எப்படிங்க..."

"கைதான் ஒண்ணு. முட்டி ரெண்டும் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் காத்தமுத்து காவலுக்குக் கிளம்பிப்போனார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பேச்சிக்குச் சுட்டது.

வேறு கடைக்காரராக இருந்தால், கொடுத்தது கொடுத்ததுதான் என்று கையைக் கழுவியிருப்பார். பேச்சி ஸ்டீயரிங்கையும் பெடலையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். கோவைக்கு ஃபோன் போட்டார். "ஏப்பா, ரெண்டு பெடல் வெச்சா அது வண்டியாப்பா? மூணு பெடலும், தனியா கியரும் இருக்கறதை மாத்தி அனுப்பு. இல்லேன்னா நானே வந்து உன் கடை வாசல்ல உக்காந்துக்குவேன்." அவர் வந்து உட்காரக்கூடியவர் என்று தெரிந்திருந்ததால் மாற்றுச் சாமான் சீக்கிரமே மலையேறியது.

அது வந்ததும் கடைக்குள் ஒரு காட்சி தொடங்கியது. பேச்சி தன் வலது கையை உடம்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, இடது கையால் லாரி ஓட்டப் பழகினார். ரவிக்கைத் துணியோடு வந்த ஒரு பெண், "ஐயோ, கையில என்னங்க ஆச்சு?" என்று பதறினார். "ஒண்ணுமில்லீங்க, லைசென்ஸ் எடுக்கறேன்" என்றார் பேச்சி. கியருக்குக் கை போகும்போதெல்லாம் லாரி பள்ளத்தில் விழுந்தது. மூன்றாவது பெடலை மிதித்துக்கொண்டு வலது முட்டியால் ஸ்டீயரிங்கைத் தாங்கிப் பார்த்தார். முட்டி மேஜை விளிம்பில் இடித்தது. நாற்காலியை உயர்த்தினார், தொடை மாட்டிக்கொண்டது. இறக்கினார், முட்டி எட்டவில்லை. ஒரு மாலை முழுக்க அங்கேயே முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அப்புறம் ஒரு சணல் கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரில் எந்தப் பாகமும் குறையில்லை. மேஜையின் உயரம்தான் தப்பு. சரியான உயரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

எஸ்டேட் ஷெட்டில் அந்தக் கொழுந்து லாரி நின்றது. ஏற்றக் கொழுந்து இல்லாததால் டயரோரம் புல் முளைத்திருந்தது. காவல்காரர் என்பதால் சாவி காத்தமுத்துவிடமே இருந்தது. அவர் பூட்டைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். சின்னம்மையும் வந்திருந்தார். இந்தக் கூத்து எங்கே போய் முடியும் என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னார்.

"நீங்க ஏறி உக்காந்தாத்தான் அளவு எடுக்க முடியுமுங்க" என்றார் பேச்சி.

"எவ்வளவு உயரம்னு நானே சொல்றேன்."

"உங்க வாய் சொல்றது வேண்டாமுங்க. முட்டி சொல்லட்டும்."

விழுந்த நாளுக்குப் பிறகு காத்தமுத்து அந்தக் கதவைத் தொட்டதில்லை. பூட்டுவார், திறப்பார், துடைக்கக்கூட மாட்டார். மனைவியைப் பார்த்தார். சின்னம்மை, "ஏறுங்க, அந்தம்மா பஸ்ஸுக்குப் போகணுமில்ல" என்று மட்டும் சொன்னார். அவர் இடது கையால் கம்பியைப் பற்றி ஒரே எம்பில் ஏறினார். சீட்டில் அசைந்து அசைந்து இடம் பிடித்தார். ஸ்டீயரிங்கில் கை வைத்தார். கிளச்சை மிதித்தார். கை கியருக்குப் போன அதே கணத்தில், யாரும் சொல்லாமல் வலது முட்டி மேலெழுந்து ஸ்டீயரிங்கை அடியிலிருந்து தாங்கிக்கொண்டது.

"அப்பிடியே இருங்க, அசையாதீங்க" என்று பேச்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார். சீட்டிலிருந்து ஸ்டீயரிங்குக்கு ஓர் அளவு, தரையிலிருந்து முட்டிக்கு ஓர் அளவு. ஒவ்வொன்றுக்கும் கயிற்றில் முடிச்சு. அவர் காத்தமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்றே முடிச்சுகளைப் பெரிது பெரிதாகப் போட்டார். கயிற்றின் மறுமுனையை யாரோ இழுத்துப் பிடித்தார்கள். நிமிர்ந்தால், சின்னம்மை.

"இன்னும் ஒரு விரக்கடை கீழங்க" என்றார் சின்னம்மை. "இவரு தொடையைக் கொஞ்சம் அகட்டித்தான் உக்காருவாரு. நான் பக்கத்து சீட்டுல எத்தனை தடவை போயிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

மஞ்சூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் வேலன் அந்த முடிச்சுகளின்படி இரும்புச் சட்டம் அடித்தார். ஸ்டீயரிங்கின் மேல், ஒரு கையால் சுழற்ற வசதியாக, டிராக்டர் சாமான் கடையிலிருந்து வாங்கிய குமிழ் ஒன்றைப் பேச்சி திருகிப் பொருத்தினார். கியரை இடது பக்கம் பூட்டினார். "கம்ப்யூட்டரைத் தினமும் ஒரு தடவையாச்சும் போட்டு விடுங்கக்கா. சும்மா கெடந்தா குளிரு ஏறிக்கும்" என்று சின்னம்மைக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இந்த முறை வாசலில் கூட்டம் இல்லை. புதுத் தகரத்தின்மேல் மழை கொட்டியது. பேச்சி, மானிட்டர் வந்த அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, காத்தமுத்துவின் இடப்பக்கம் உட்கார்ந்தார். திரையில், இந்த விளையாட்டுக்கென்று யாரோ கேரளத்துப் பிள்ளைகள் செய்துவைத்த மலைப்பாதை, ஒருபுறம் பாறை, ஒருபுறம் பள்ளம், நடுவே மூடுபனி. காத்தமுத்து கிளச்சை மிதித்தார். முட்டி எழுந்தது, கை கியருக்குப் போய் வந்தது. லாரி முக்கிக்கொண்டு மேடேறியது. "ம்ம், இப்ப பேசுது" என்றார், குமிழைத் தடவியபடி.

உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியது. லாரி வேகம் பிடித்தது. கொண்டை ஊசி வளைவின் மறுபுறத்திலிருந்து, பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு பஸ்ஸின் விளக்குகள் நேர் எதிரே வந்தன.

முக்காலியில் இருந்த பேச்சி சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வலது காலால் சிமெண்டுத் தரையை ஓங்கி மிதித்தார்.