பரவாயில்லை என்று சொன்ன நாள்

பெங்களூருக்கு வந்த புதிதில் என்னைத் திடுக்கிட வைத்த கன்னடச் சொல் ‘சாகு’. ஒக்கலிபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஜெயம்மா, யுகாதிக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். இலையில் சோற்றை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, “சாகா?” என்றார். போதுமா என்று கேட்கிறார் எனத் தெரியாமல், நல்ல நாளில் ஏன் சாவை இழுக்கிறார் என்று விழித்தேன். அறவே தெரியாத மொழியிடம் நாம் எச்சரிக்கையாக இருப்போம். பாதி நம்முடையதைப் போலவே ஒலிக்கிற மொழியில்தான் கால் இடறுகிறது. ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் காலையில் தின்ற இட்லி செரிப்பதற்குள் வந்துவிடும் ஊர் இது. இதையெல்லாம் வெளியூர் என்று சொல்லலாமா என்று எங்கள் திருப்பத்தூரில் இருப்பவர்கள் கேட்பார்கள். சொல்லலாம் என்பதற்கு என் வலது மணிக்கட்டு சாட்சி.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. மல்லேஸ்வரத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். ஒருநாள் காலை பேருந்துக்காகச் சாலையைக் கடக்கும்போது, மூலையில் இருந்த பேக்கரிக்கு சோடா பாட்டில் இறக்கிவிட்டுப் பின்னோக்கி வந்த டெம்போ என்னை இடித்துத் தள்ளியது. கையை ஊன்றி விழுந்தேன். முதலில் வலி தெரியவில்லை. தயிர்சாத டப்பா திறந்து சோறு சாலையில் சிதறியிருந்தது. புடவை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. சுற்றிலும் ஆண்கள். பேக்கரி நடத்திய கிருஷ்ணப்பா ஓடிவந்து தூக்கிவிட்டார். டெம்போ ஓட்டுநரும் இறங்கி வந்து கன்னடத்தில் ஏதோ கேட்டான். எனக்கு வேண்டியதெல்லாம் அத்தனை கண்களும் என்னைவிட்டு அகலவேண்டும் என்பதுதான். “பரவாயில்லை, பரவாயில்லை” என்றேன். கன்னடத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். என்னைப் பார்க்காதீர்கள் என்ற பொருளில் நான் சொன்னது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ போகலாம் என்று அவன் காதில் விழுந்தது. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாலைக்குள் கை வீங்கிப் பூசணிக்காய் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள், போலீசுக்குச் சொல்லியனுப்புவார்கள் என்று என் கணவர் தயங்கினார். தெரிந்தவர் ஒருவர் சொன்ன இடத்தில் நாட்டுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். மறுநாள் காலையில் கிருஷ்ணப்பா பன் பொட்டலத்துடன் வீட்டுக்கே வந்தார். அந்த டெம்போவும் அதன் முதலாளியும் தனக்குத் தெரியும் என்றும், இப்போதே ஸ்டேஷனுக்குப் போனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத் தயார் என்றும் கன்னடத்தில் சொன்னார். இவர் அவருக்குக் காபி கொடுத்து, யோசித்துச் சொல்கிறோம் என்று மரியாதையாக அனுப்பிவைத்தார்.

அவர் போனபின் என்னிடம், “பொழைக்க வந்த ஊர்ல ஸ்டேஷன் படி ஏறணுமா? வாயத் தொறந்தா யாருன்னு தெரிஞ்சுடும்” என்றார். அவருடைய பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். தொண்ணூற்றொன்றில் காவிரித் தண்ணீருக்காக ஊர் கொந்தளித்தபோது அவர் இங்கே தனியாக இருந்தவர். கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவில் தமிழ் கேட்டுவிடுமோ என்று அதைத் துணியில் சுற்றிவைத்து உட்கார்ந்திருந்தவர். ஆனால் நான் பேசாமல் இருந்ததற்கு அந்தப் பயம் காரணமில்லை. என் காரணம் வெட்கம். நடுத்தெருவில் நான் கிடந்த கோலத்தை ஒரு போலீஸ்காரர் முன்னால் நின்று திரும்பச் சொல்லவேண்டும். அடிபட்டதற்குக் காசு கேட்பதும், ரயில்வே பாலத்தடியில் புண்ணைக் காட்டிக் கையேந்துவதும் அன்று எனக்கு ஒன்றாகவே பட்டன.

ஜெயம்மாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. கொடியில் துணி காயப்போட வரும்போதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போனாயா என்று தன் பெங்களூர்த் தமிழில் கேட்பார். ஒருநாள் என் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “இன்னிக்கே போம்மா. நாளைக்குப் போனா, நேத்து ஏன் வரல்லேன்னு கேப்பாங்க. நாள் ஆக ஆக உன் கை உன்னோட கைன்னே நம்பமாட்டாங்க.” ஆகட்டும் என்று தலையாட்டினேன். கட்டுப் பிரிக்கட்டும், தீபாவளி போகட்டும் என்று நாட்களைத் தள்ளினேன்.

கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. இரண்டு விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. தட்டச்சு வேலை போயிற்று. அலுவலகத்தில் யாரும் கடிந்து பேசவில்லை. என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். இனி ஆபரேஷன் செய்தால்தான் சரியாகும் என்று எலும்பு மருத்துவர் சொன்ன பிறகே வக்கீலைத் தேடிப் போனோம். அவரும் தமிழர்தான். பொறுமையாகக் கேட்டார். போலீசில் புகார் இருக்கிறதா, அன்றே காட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா, வண்டி எண் தெரியுமா என்று விசாரித்தார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே சொன்னோம். “கேஸ் போடற காலம் தாண்டலம்மா. சாட்சிக்கான காலம்தான் தாண்டிப்போச்சு. அந்த பேக்கரிக்காரர் வருவாரான்னு பாருங்க” என்றார்.

கிருஷ்ணப்பாவிடம் நான் மட்டும் போனேன். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அதற்குள் ஓரளவு கன்னடம் வந்திருந்தது. ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் கல்லாப் பக்கம் திரும்பிச் சில்லறையை அடுக்கினார். பிறகு, “நீவே பரவாகில்லா அந்த்ரல்லா அம்மா” என்றார். நீங்களேதானே பரவாயில்லை என்றீர்கள். அன்றே வந்திருந்தால் கடையை மூடிவிட்டு வந்திருப்பேன். இத்தனை மாதம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று இப்போது என்னையும் அல்லவா கேட்பார்கள்? அந்த முதலாளியிடம்தான் இன்னும் சரக்கு வாங்குகிறேன். இவற்றைக் கோபமில்லாமல் சொன்னார். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. தெருவில் விழுந்த அன்று பட்ட வெட்கம் புடவையைச் சரிசெய்ததும் பாதி போய்விட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து பட்ட வெட்கத்தை மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. உதவி வாசல்வரை வந்தபோது காபி கொடுத்துத் திருப்பியனுப்பியவர்கள் நாங்கள்.

இருந்தும், பேக்கரிக்குச் சரக்கு இறக்க வந்தபோது டெம்போவின் எண்ணைக் குறித்துக்கொண்டு வழக்குப் போட்டோம். அந்த டெம்போ என்னைத் தொடவே இல்லை என்றது இன்ஷூரன்ஸ் தரப்பு. இடித்தது என்று நிரூபிக்க எங்களிடம் என் கோணல் கையைத் தவிர ஒன்றுமில்லை. மனு தள்ளுபடியானது. தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது இவர் என் பையை வாங்கிக்கொண்டு, “தப்பு என்னோடது” என்றார்.

அதற்குப் பிறகு ஒக்கலிபுரத்தில் புதிதாக வந்த தமிழர் யாருக்கு அடிபட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, இடித்தது யார் என்பதை டாக்டரிடம் சொல்வது, அன்றே புகார், பார்த்தவரின் பெயரும் விலாசமும் என்று வரிசையாகச் சொல்வேன். தயங்கினால் என் கையைக் காட்டுவேன்.

சில ஆண்டுகள் கழித்துத் திருப்பத்தூருக்குப் போயிருந்தபோது, கடைத்தெருவில் என் தங்கை மல்லிகாவை ஒரு பைக் இடித்துவிட்டது. கால் பிசகி விழுந்தவள், “ஒண்ணுமில்லக்கா, எல்லாரும் பாக்கறாங்க, வீட்டுக்குப் போயிடலாம்” என்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்ட உடனே ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். மூச்சுவிடாமல் நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், பாதிக்குப் பாதி கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“உங்களுக்கு எந்த ஊரும்மா?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் மல்லிகா, “எங்க அக்காதான் சார். பெங்களூர்க்காரங்க” என்றாள். நான் பிறந்த வீடு அந்த ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் இருக்கிறது. ஜெயம்மா என்னைப் பிறரிடம் அறிமுகப்படுத்துவது இன்னமும் ‘தமிழ்நாட்டவரு’ என்றுதான். ஏட்டு பேனாவோடு காத்திருந்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, பைக்கின் எண்ணைத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.