மூலையில் முழந்தாளிட்ட உபயகாரர்

யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்த தியாகலிங்கம், நியூசிலாந்து வந்து பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். அவரை யாரும் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. 1994இல் ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு மாலை வகுப்பு தொடங்கியது: மத்தியகாலத் தேவாலயங்களில், செத்தவர்கள் எழும்பித் தீர்ப்புப் பெறும் உலக முடிவு ஓவியங்கள். கடைசி நாளில் ஒரு மாணவர் பொதுமக்கள் முன் பேசலாம். அந்த ஒருவர் தாமாகவே இருக்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்தார்.

அதற்குத் தகுதியும் இருந்தது. “கள்ள அளவில் பியர் விற்றவள் நரகத்தில் எரிகிறாள். குடியானவனின் தானியத்தைப் பிடுங்கிய மடாதிபதி சொர்க்கத்தில் நிற்கிறார். பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தவர்களிடம் இதைக் காட்டித்தான் வாயை மூட வைத்தார்கள்” என்று திரையில் இருந்த ஓவியத்தைக் காட்டி அவர் சொன்னபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது.

கார் ஓட்டத் தெரிந்தவர் மனைவி ரதிதேவி. அதனால் அவரும் வகுப்புக்கு வந்து, கடைசி வாங்கில் கணவருக்குப் பக்கத்தில் இருப்பார். ஒருநாள் திரையில் அதே ஓவியத்தின் கீழ்மூலை வந்தது. நிர்வாணமாக எழும்பும் பிணங்களுக்கு நடுவே, நல்ல அங்கி போட்ட ஒரு சின்ன மனிதன் கைகூப்பி முழந்தாளில் இருந்தான். இவன் யார் என்று விரிவுரையாளர் கேட்டார். எல்லோரும் குறிப்பேட்டைப் புரட்டினார்கள்.

ரதிதேவி சிரித்துவிட்டார். “இஞ்சாருங்கோ, எங்கடை கோயில் டியூப் லைட் மாதிரியெல்லோ! வெளிச்சத்தை மறைச்சு உபயகாரற்றை பேர் எழுதியிருக்கும். படத்துக்குக் காசு குடுத்தவர் உவர்தான். அதுதான் உடுப்போடை நிக்கிறார்.”

அத்தனை புத்தகம் வாசித்த தியாகலிங்கத்துக்குத் தெரியாதது, வெள்ளிக்கிழமை விரதக்காரிக்குத் தெரிந்துவிட்டது.

“உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?” என்று விரிவுரையாளர் ஆவலோடு கேட்டார்.

“எங்கள் கோயிலிலும் இப்படித்தான் கும்பிடுவார்கள் என்கிறார்” என்றார் தியாகலிங்கம் ஆங்கிலத்தில்.

ஐந்து நிமிடம் கழித்து, அவரே கையை உயர்த்தி உபயகாரரைக் கண்டுபிடித்தார். பேசும் வாய்ப்பு அன்றே அவருக்குக் கிடைத்தது.

மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுக்குத் திரும்பும்போது ரதிதேவி கேட்டார்: “நான் சொன்னதை மாத்திச் சொன்னனீங்கள், என்ன?”

“உமக்கு இங்கிலீஷ் விளங்கினதோ?”

“ஏழு வருசமா பக்டரியிலை சூப்பர்வைசரிட்டைத் தமிழிலையோ பேச்சு வாங்கிறன்?” சிக்னலில் காரை நிறுத்தினார். “படத்திலை அந்த ஆளுக்குப் பின்னாலை இன்னும் சின்னனா ஒரு பொம்பிளை இருக்கிறா. அவவையும் நீங்களே கண்டுபிடியுங்கோ.”

கடைசி நாள் மண்டபம் நிறைந்திருந்தது. தியாகலிங்கம் அருமையாகப் பேசினார். முடிவில் ஒரு கிழவர் எழும்பி, “பணக்காரருக்குப் பின்னால் உள்ள பெண் யார்?” என்று கேட்டார்.

“மனைவியாக இருக்கும். அவளுடைய சீதனக் காசிலும் இந்தப் படம் வரையப்பட்டிருக்கலாம். பெயரை யாரும் எழுதவில்லை.” அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாம் வரிசையில் ரதிதேவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். தியாகலிங்கம் தண்ணீர் குடித்தார்.

“உபயகாரரை முதலில் கண்டது நானில்லை. என் மனைவி ரதிதேவி. அன்றைக்கு நான் பொய்யாக மொழிபெயர்த்தேன்.”

ரதிதேவியை எழும்பச் சொல்லிக் கைதட்டினார்கள். அது நீண்டுகொண்டே போனது. தமக்குக் கிடைத்ததைவிட நீளம் என்பதையும் தியாகலிங்கம் கவனித்தார்.