இதோ, பக்கத்துலதான்

லாரெஸ் பள்ளத்தாக்கில் நிகாசியா சுல்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இதோ" என்றுதான் கூப்பிடுவார்கள். "இதோ வர்றா பாரு" என்றால் நிகாசியா வருகிறாள் என்று அர்த்தம்.

அவள் ஊரில் எதுவுமே தூரமில்லை. கணவாய்க்கு அப்பால் கூடும் சந்தையா? இதோ, பக்கத்துலதான். இரண்டு மலை தாண்டிக் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீடா? இதோ. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் நிகாசியா சொன்னால் மட்டும் ஜனங்கள் நம்பித் தொலைப்பார்கள். முகம் அப்படி. வட்டத் தொப்பிக்குக் கீழே இரண்டு கன்னமும் சிவந்து, ஒரு கன்னம் மட்டும் களைப்பு தெரியாமலிருக்க மெல்லும் கோக்கா இலையால் உப்பிப்போய், பொய் சொல்லவே தெரியாத முகம்.

முதலில் அவள் மலையேற்றக் கூட்டங்களுக்குச் சமையல்காரி. கூடாரத்துப் புகையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்பாள். பயணம் முழுக்க வரிசையின் கடைசியில் நடப்பாள். அந்த வருஷங்களில் அவள் கண்ட இயற்கைக் காட்சியெல்லாம் கோவேறு கழுதைகளின் பின்பக்கம்தான். ஒரு தடவை வழிகாட்டி, கூட்டத்தில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரியோடு பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டான். நிகாசியா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் முன்னால் போய் நின்று, "வாங்க, போலாம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பின்னால் நடக்கவே இல்லை.

வினை அவள் வாயால் வந்தது. போன மாதம் வந்த ஒருவர், "காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் பக்கத்துல பக்கத்துலன்னே கூட்டிட்டுப் போனா" என்று நகரத்தில் புகார் சொல்லிவிட்டார். பயணங்களை நடத்துகிற பெலிசாரியோ அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னொரு தடவை 'இதோ'ன்னு சொன்னேன்னு காதுல விழுந்துச்சு, மறுபடி உருளைக்கிழங்குதான். புரியுதா?"

"புரியுதுங்க ஐயா."

அடுத்து வந்தது ஹாலந்திலிருந்து ஒரு தம்பதி. மரைக்கே, அவள் புருஷன் பீட். மலையே இல்லாத நாடு. வீட்டு மாடிப்படிதான் அவர்கள் ஏறிய உயரம். முதல் நாள் காலையிலேயே மரைக்கே கேட்டாள், "இன்னும் எவ்வளவு தூரம்?"

நிகாசியா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்து, "ரெண்டு வாய் இலை" என்றாள்.

"என்னது?"

"ஒரு வாய் இலையை அடக்கிட்டு, சாறு தீர்ற வரைக்கும் நடக்கணும்மா. அப்புறம் இன்னொரு வாய்."

கழுதைகளை ஓட்டிக்கொண்டு வந்த அவள் கொழுந்தன் எமெத்தேரியோ விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணிக்கு நாக்குல பூட்டுப் போட்டிருக்காங்கம்மா. 'இதோ'ன்னு சொன்னா வேலை போயிடும்!" என்று முழுக் கதையையும் போட்டு உடைத்தான்.

"வாயை மூடுடா, கழுதைக்குக் காது கேட்குது" என்றாள் நிகாசியா.

இரண்டாம் நாள் கணவாய். முதல் நாள் இரவு பீட், முயல் அளவு இருக்கும் சுட்ட கினிப்பன்றி ஒன்றை முழுசாகத் தின்றுவிட்டு, இன்னொன்றில் பாதியையும் ருசி பார்த்திருந்தார். விளைவாக, முடியாதவர்களுக்கென்று கூட்டி வந்த ஒரே குதிரையின் மேல் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏற்றத்தின் பாதியில் மரைக்கே ஒரு பாறையில் உட்கார்ந்தாள்.

"இன்னும் எவ்வளவு? உண்மையைச் சொல்லு."

நிகாசியா உண்மையைச் சொன்னாள். "மேல ஏற ஒரு வாய் இலை. கீழ இறங்க ஒண்ணரை."

"அப்ப நான் இங்கயே இருந்துடறேன். நீங்க போங்க."

மேற்கே மேகம் கறுத்தது. ஆலங்கட்டி ஒன்று எமெத்தேரியோவின் தொப்பியில் டொக்கென்று விழுந்தது.

"அண்ணி, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைங்களேன்."

"உனக்கென்ன, வேலை போறது எனக்கு."

மரைக்கே நிமிர்ந்தாள். "எந்த வார்த்தை? நேத்து சொன்னானே, அதுவா? சொல்லு."

"முடியாதும்மா."

"பக்கத்துலதான்னு சொல்லு, எழுந்திருக்கேன்."

"பக்கத்துல இல்லையே!"

"எனக்குத் தெரியும் இல்லைன்னு! இருந்தாலும் சொல்லு!"

"நீங்க போய் பெலிசாரியோ ஐயாகிட்ட சொல்லிட்டீங்கன்னா?"

"சொல்ல மாட்டேன்."

"போன மாசம் வந்த ஆளும் சிரிச்சுக்கிட்டேதான் போனாரு."

குதிரை மேலிருந்து பீட் முனகினார். "அவ பொய் சொல்லட்டும்னு கெஞ்சறே. நான் சொன்னா மட்டும் ஏன் சண்டை போடறே?"

நிகாசியா பையிலிருந்து மூன்று கோக்கா இலைகளைப் பொறுக்கி, விசிறி போல் அடுக்கி மரைக்கேயின் கையில் வைத்தாள். "எதிர்ல நிக்கிற மலையைப் பார்த்து இதுல ஊதிச் சத்தியம் பண்ணுங்க. அது எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கும்." மரைக்கே, மூச்சே இல்லாத மூச்சைத் திரட்டி ஊதினாள்.

ஒன்றரை நாளாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. "இதோம்மா! பக்கத்துலதான்! அந்தத் திருப்பம் தெரியுதா, அவ்வளவுதான்!"

மரைக்கே எழுந்தாள். திருப்பத்துக்கு அப்பால் இன்னொரு திருப்பம் இருந்தது. "இதோ!" அதற்கப்பால் இன்னொன்று. "இதோ, இதோ!" ஒவ்வொன்றுக்கும் மரைக்கே, "பொய்க்காரி" என்றாள். நடந்தாள். உச்சியில், வழிப்போக்கர் குவித்த கற்குவியலில் தன் கல்லையும் வைத்துவிட்டு, பல் தெரியச் சிரித்தாள்.

கடைசி நாள், பள்ளத்தாக்கின் வாயில் பெலிசாரியோ காத்திருந்தார். "எல்லாம் சரியா இருந்துச்சா? ஏதாவது புகார் உண்டா?"

"ஒண்ணு இருக்கு" என்றாள் மரைக்கே.

நிகாசியாவின் கன்னத்திலிருந்த இலை தொண்டைக்குள் போய்விட்டது.

"ஒண்ணரை நாள் இவ 'பக்கத்துலதான்'னு சொல்லவே இல்லை. முதல்லயே சொல்லியிருந்தா என் காலுக்கு இவ்வளவு வலி இருந்திருக்காது. அடுத்து வர்றவங்களையாவது ஏமாத்தாம, ஒழுங்காப் பொய் சொல்லச் சொல்லுங்க."

பெலிசாரியோ அவளைப் பார்த்தார், நிகாசியாவைப் பார்த்தார், சிரிப்பை அடக்கமுடியாமல் முதுகைக் காட்டி நின்ற எமெத்தேரியோவைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டார். "சரி... திங்கக்கிழமை ஒரு கூட்டம் வருது. முன்னால நீயே போ."

"திரும்பிப் போக வேன் எங்கங்க?" என்று பீட் கேட்டார்.

"வேனா? இதோ, வந்துக்கிட்டே இருக்கு" என்றார் பெலிசாரியோ.

மரைக்கே மெதுவாகப் புல்லில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, நிகாசியாவிடம் கையை நீட்டினாள்.

"ஒரு வாய் இலை குடு."