அப்பாவின் ரேடியோவுக்குக் கண்டன்சர் மாற்றியது

செல்போனில் இரண்டு வீடியோ பார்த்த தைரியத்தில், அப்பாவின் பழைய ரேடியோவுக்குக் கண்டன்சர் மாற்றக் கிளம்பி, பிளஸ்ஸையும் மைனஸையும் இடம் மாற்றிப் பற்றவைத்த அறிவாளி நான். சுவிட்சைப் போட்டதும் அது வெடித்த வெடியில் எதிர்வீட்டுக்காரர் எச்சில் கையோடு ஓடிவந்தார்.

இதே கருகல் வாடை அடிக்கும் ராஜபாளையம் ரேடியோ கடைக்கு அந்தப் புகை என்னைக் கூட்டிப்போய்விட்டது. அப்போது அப்பா மில்லில் ஷிஃப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு வருவார். ரேடியோவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, "ஏட்டி, சத்தம் கொறஞ்சுபோச்சு. கண்டன்சர் போயிருச்சு போல" என்பார். தெருவுக்கே செய்தி கேட்டுக்கொண்டிருக்கும். அம்மா ரேடியோவைத் துணியில் சுற்றி என் கையில் கொடுப்பாள். மில் இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் ரேடியோவைச் சுமந்துபோவேன். கடைக்காரர் நன்றாக இருக்கும் கண்டன்சரைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பற்றவைப்பார்.

"நீயாவது அப்பாட்ட சொல்லுப்பா."

"நீங்களே சொல்லுங்கண்ணே."

இப்போது அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில் இருக்கிறார். காது மிஷின் வேண்டாம், ரேடியோவைச் சரிபண்ணு என்றுதான் இந்த எண்பது வயதிலும் கேட்டார். நான் புகையை விசிறிவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்து நாற்காலியிலிருந்து அப்பா தலையை ஆட்டினார்.

"பரவால்லலே. இப்பத்தான் லேசா சத்தம் வருது."