கழுநீர் என்று எழுதினேன்

அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. வயசான காலத்தில் பழசை எல்லாம் மனசில் போட்டு வைக்காதே என்று என் பிள்ளைகள் சொல்லுகிறார்கள். அவர்களுக்கு என்ன, அவர்களையா கழுத்தறுத்தாள்.

யுத்த காலம் அது. தூத்துக்குடியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் இருந்தேன். அப்பா துறைமுகத்துத் தோணியில் சுக்கான் பிடிக்கிறவர். எங்கள் தெருவில் மரம் என்று பேருக்கு ஒரு முருங்கைகூடக் கிடையாது. மணலும் சுண்ணாம்புச் சுவரும்தான். பகலில் கண்ணைத் திறக்க முடியாது. கிணற்றுத் தண்ணி எல்லாம் உப்பு. அது குளிக்கவும் துவைக்கவும்தான். குடிக்கவும் சோறு பொங்கவும் நல்ல தண்ணி வேண்டுமென்றால் முனிசிபாலிட்டிக் குழாயடியில் போய் நிற்கணும். அந்தக் குழாயையும் உச்சி வெயிலில்தான் திறந்துவிடுவார்கள். எந்த மகராசன் போட்ட சட்டமோ தெரியாது.

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குப் பள்ளிக்கூடம். அக்காதான் தண்ணிக்குப் போயாகணும். ஒருநாள் வரிசையில் நின்றவள் கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே மணலில் சரிந்துவிட்டாள். குடம் உடைந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் அவள்தான் போனாள்.

அந்த வாரம் டீச்சர் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொருத்தியும் அவளவள் தெருவில் மரம் வளர்க்க ஒரு திட்டம் வரைந்து வரணும். எது நல்ல திட்டமோ அந்தத் தெருவுக்கு முனிசிபாலிட்டி கன்று கொடுக்கும். ஆற்றங்கரை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாகைக் கன்றுகள் வண்டியில் வரப்போவதாகச் சொன்னார். வகுப்பே குதித்தது. ஒருத்தி தன் தாளில் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி முல்லையைப் படரவிட்டாள். தண்ணி யாருளா ஊத்துவா என்று கேட்டேன். மழை பெய்யும் என்றாள். தூத்துக்குடியில் மழையை நம்பி முல்லை வளர்க்கிறாளாம். எனக்கு முல்லையும் வேண்டாம், மல்லியும் வேண்டாம். குழாயடியில் அக்கா தலைக்கு மேலே நிழல் வேண்டும், அவ்வளவுதான்.

உப்புத் தண்ணி ஊற்றினால் ஆற்றங்கரைக் கன்று பிழைக்காது. நல்ல தண்ணியை மரத்துக்கு ஊற்ற எவளுக்கும் மனசு வராது. ஆனால் அரிசி களைகிற தண்ணி நல்ல தண்ணிதானே. பர்மா அரிசி நின்றுபோய், ரேஷன் அரிசி கல்லும் உமியுமாக வந்த நேரம். நாலு தரம் களையாமல் உலையில் போட முடியாது. எங்கள் தெருவில் மாடு வைத்திருப்பவர்கள் யாரும் இல்லை, அதனால் கழுநீர் அத்தனையும் சாக்கடைக்குத்தான் போனது. அதைத்தான் பிடித்தேன். கழுநீரை ஒருநாள் புளிக்க வைத்து, குழாயடிக்கு வரும்போது ஆளுக்கு ஒரு செம்பு கொண்டுவந்து, கன்றுக்குப் பக்கத்தில் புதைத்த ஓட்டைக் கலயத்தில் ஊற்றணும் என்று எழுதினேன். ஆடு கடிக்காமலிருக்க உடைமுள் வேலி. எல்லாம் பென்சிலில்தான், வர்ணத்துக்கு நான் எங்கே போக.

வர்ணப் பென்சில் என் பெஞ்சுக்காரியிடம் இருந்தது. அவள் கவுன்சிலர் மகள், பக்கத்துப் பெரிய தெரு. எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாளை மீன் குழம்புக்குக் கையை நக்கினவள். "குடுளா, நான் கலர் அடிச்சுக் கொண்டாரேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது ஒரு ஓரம் தவிர என் தாள் முழுக்க மை கொட்டியிருந்தது. தங்கச்சி தட்டிவிட்டாளாம். புதுசாக வரைய நேரமில்லை. அவளோ தன் தெருவுக்கு ஒரு திட்டம் கொடுத்திருந்தாள். அதே கலயம், அதே முள்வேலி, பச்சை வர்ணத்தில் ஜொலித்தது. பரிசும் அவளுக்கே, கன்றும் அவளுக்கே. டீச்சரிடம் அழுதேன். சாட்சி என்ன என்றார். ஓரத்தில் மிஞ்சின பாதி வார்த்தையை வைத்து என்னத்தைக் காட்ட.

பரிசு வாங்கின படத்தைக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வயிறெரிந்து பக்கத்தில் போய் வாசித்தேன். கழுநீர் என்று நான் எழுதின இடத்தில் எல்லாம் கழிவுநீர் என்று இருந்தது. வீட்டில் சமையல்காரியை வைத்து அரிசி களைகிறவளுக்குக் கழுநீரைப் பற்றி என்ன தெரியும். நான் ஏதோ எழுத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்துத் திருத்தியிருக்கிறாள், மகாராணி. நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்கலாமே என்பவர்கள் அவரவர் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளட்டும்.

பெரிய தெருவில் கன்று நட்டார்கள். உப்புக் கிணற்றில் குளித்த தண்ணியும் சவுக்காரத் தண்ணியும் கலயம் கலயமாக இறங்கியது. இலை ஓரம் கருகி, பிறகு குச்சிதான் நின்றது. நான் சுற்றுவழியாக அந்தத் தெருவில் நடந்துதான் பள்ளிக்கூடம் போவேன். பார்க்கப் பார்க்கக் குளிர்ந்தது எனக்கு.

வண்டியில் வந்த கன்றில் மிச்சம் பள்ளிக்கூடத்துப் பொறுப்பில் இருந்தது. அதையும் தரச்சொல்லிக் கேட்க, கவுன்சிலர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். வந்த கன்றெல்லாம் சொத்தை என்றார். தலைமை ஆசிரியையான மதர் எங்கள் வகுப்புக்கே அவரைக் கூட்டி வந்து, திட்டப்படிதான் ஊற்றினீர்களா என்று கேட்டார். ஒரு எழுத்துப் பிசகாமல் என்றாள் என் பெஞ்சுக்காரி. நான் எழுந்தேன்.

"மதர், ஒரே ஒரு சந்தேகம். ஏளா, கழிவுநீரை ஒருநாள் புளிக்க வைக்கணும்னு எழுதியிருக்கியே. குளிச்ச தண்ணிய எதுக்குளா புளிக்க வைக்கணும்?"

பையில் வைத்திருந்த என் தாளை எடுத்து, மை கொட்டாத ஓரத்தில் என் பென்சிலில் பாதி தெரிந்த கழுநீரை டீச்சரிடம் காட்டினேன். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகச் சிரிக்கத் தொடங்கினார்கள். அரிசி களைகிற வீட்டுப் பிள்ளைகள்தானே எல்லாம். கவுன்சிலர் தன் மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். மதர் மிச்சக் கன்றுகளை எங்கள் தெருவுக்கு எழுதிக்கொடுத்தார்.

கன்று நட்டோம், கழுநீர் ஊற்றினோம், துளிர்விட்டது. கவுன்சிலருக்குப் பொறுக்குமா? எங்கள் குழாயையே பிடுங்கிப் பெரிய தெருவுக்கு மாற்றச் சொல்லிவிட்டார். மரம் மட்டும் நின்றால் போதுமா, தண்ணிக்கு நடந்து சாகட்டும் என்று நினைத்திருப்பார். குழாயை எந்த இடத்தில் நடணும் என்று பார்க்கத்தான் மறந்துபோனார். அந்தத் தெருவில் பெரிய பைப்பு போன இடம் அவர் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே. ஓவர்சியர் அங்கேயே குழாயை நட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் உச்சிவேளைக்கு எங்கள் தெரு மொத்தமும் குடத்தோடு அவர் வாசலில் நின்றது. அவர் வீட்டு முகப்புக்குத் தூண் வைத்த நல்ல கூரை. படி வரைக்கும் நிழல் விழும். நான் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அந்தப் படியில் உட்காரவைத்தேன். நிறைமாசக்காரியை வாசலிலிருந்து எழுந்திரு என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். சும்மா அனுப்பவும் மாட்டார்கள். அவர் பெண்சாதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் என் பெஞ்சுக்காரி ஒரு செம்பு மோரோடு வந்து, தலையைக் குனிந்துகொண்டு நீட்டினாள்.

அக்கா வாங்கிக் குடித்தாள். இன்னொரு செம்பு கேட்டாள். நான்தான் கேட்கச் சொன்னேன்.