குழாய் அண்ணன் வீடு பார்த்த கதை

ஊரார் ‘குழாய் அண்ணன்’ என்றழைத்த பிளம்பர் 1948 முதல் 2021 வரை வாழ்ந்தார். வாடகை வீடுகளிலேயே காலம் கழித்தவர், மனைவிக்குப் பிடித்துப்போன ஒரு வீட்டை விலைக்குப் பார்க்க அவருடன் சென்றார். உரிமையாளர் முன்னிலையில் குறை சொல்லலாகாது என்பது அவர் கொள்கை. உரிமையாளரோ தம் வீட்டைத் தாமே புகழக் கூசுபவர்.

“இந்தச் சுவர்ல ஈரம் வரும்ங்க,” என்றார் உரிமையாளர்.

“எந்த வீட்லதான் வரலை?” என்றார் அண்ணன்.

“மாடிப்படி வேற செங்குத்து.”

“முழங்காலுக்கு நல்ல பயிற்சிங்க!”

விலைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தெருவுக்கு வந்ததும் மனைவி கேட்டார்: “என்னங்க, வாங்குறோமா இல்லையா?”

“அவர் விக்கிறாரான்னே புரியலையேம்மா!”

மறுவாரம் தெளிவாகக் கேட்டுவிடும் எண்ணத்துடன் தனியே சென்றவர், அழைப்புமணியில் விரல் வைத்தார். வற்புறுத்துவதாகத் தோன்றுமோ என்று குழம்பி, அழுத்தாமலே திரும்பினார். அவர் கடைசியாக வீடு தேடிப் போனது அன்றுதான்: 2009 மார்ச் 9.